நாற்பது காலடி

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி
5 ஜனவரி 2025, ஞாயிறு

என் அருமை ஹில்டாவுக்கு,

மதி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், கொசுக்கள் அதைவிடச் சுகம். நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை புதுவருஷம் பிறந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. நேற்று அம்பத்தூர் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் எனக்கென்று ஒரு துண்டு கேக்கை டப்பாவில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். "அவளுக்குப் போன்ல பேசறதுக்கு என்ன, உனக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதறாளாமே" என்று உன்மேல் ஒரு புகார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இளங்கோவும் அதையேதான் கேட்கிறார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாள் முழுக்க லேத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன், நான் ஸ்டாம்ப் ஒட்டுவதைப் பார்த்தால் அவருக்குச் சிரித்தே களைப்பு தீர்ந்துவிடும். வீட்டு வம்பை வீடியோவில் பேசலாம், எலும்புப் பள்ளத்தைக் காகிதத்தில்தான் பேசவேண்டும் என்பது நம் சட்டம் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டார். போனில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்து காலேஜில் நம் சீனியர் கண்டுபிடித்த புதைபடிவ இடத்தை எவனோ ஒரே வாரத்தில் துடைத்துக்கொண்டு போனானே, அவர் வகுப்பில் உட்கார்ந்து அழுதாரே, அதைப் பார்த்திருந்தால் நம்புவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. பரந்தாமன் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பதினோரு வருஷமாக அந்த மனிதரின் பின்னால் அலைகிறேன். ஏரியை ஒட்டிய உங்கள் நாலு ஏக்கரில் பள்ளத்தைச் சுற்றி வெறும் பத்து சென்ட் மட்டும் அரசுக்குத் தானமாக எழுதிக் கொடுங்கள், வேலி போட்டுக் காப்பாற்றலாம் என்று கேட்டுக் கேட்டு என் தொண்டைத் தண்ணீர் வற்றியது. போன வாரம் அவரே கூப்பிட்டார். "டீச்சர், பொண்ணு கல்யாணம் முடியட்டும். சித்திரை பொறந்தா கையெழுத்துப் போடறேன். ஆனா மீதி நெலத்துல யாரும் வந்து கை வெக்கக் கூடாது. உன்ன நம்பித்தான் போடறேன்" என்றார். ஏப்ரல் 23 என்று நாளும் குறித்தாகிவிட்டது. மீதி நிலத்தை யாரும் தொடமாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீர்யானையாக இருக்குமோ என்று நாம் ஊகித்தோமே, அந்தக் கல்லாகிப்போன தாடை பத்திரமாக இருக்கிறது. மழைக்கு முன் சாக்கு போட்டு, மேலே மண் போட்டு மூடிவிட்டேன். எடுக்கவில்லை. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடக்கிறது என்று முறையாகக் குறிக்க ஆள் வரும்வரை எடுக்கவும் மாட்டேன். அதே அடுக்கின் மண்ணை டீ வடிகட்டியில் கழுவியதில் இந்தத் தடவை எலிப்பற்கள் பதினேழு.

உன்னிடம் ஒரே குறை. மூன்று வருஷத்துக்கு முன் நீ வந்தபோது பற்களுக்குப் பிளாஸ்டரில் அச்செடுத்துக் கொடுத்தேன், நம் களக்குறிப்பு நோட்டை நகலெடுத்துக் கொடுத்தேன். என்ன மிருகம், எத்தனை பழசு என்று இன்னும் ஒரு வரி எழுதவில்லை. "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்றால் எப்போது பார்ப்பாய்?

உன்
மதி

---

அடிலெய்டு
28 ஜனவரி 2025

அன்பு மதிக்கு,

உன் கடிதத்தை டிராமில் பிரித்தேன். பரந்தாமன் பெயரைப் படித்ததும் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். நம்மைக் குச்சியோடு துரத்திய ஆளா இவர்? நீ சாதித்துவிட்டாய்.

திட்டாதே. அச்சுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாடை நீர்யானைதான், சந்தேகமே இல்லை. காட்டுக்குதிரைப் பற்கள் இரண்டு. எலிகளில் ஒன்று எந்தப் பட்டியலிலும் அடங்காமல் படுத்துகிறது. பெரிய மிருகமும் சின்ன மிருகமும் ஒரே அடுக்கில், கலையாமல் கிடப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். இங்கே என் பேராசிரியர் அச்சுகளைப் பார்த்துவிட்டு எங்கே கிடைத்தது என்று மூன்று தடவை கேட்டார். இடம் எங்கே என்று நான் சொல்லவில்லை, பயப்படாதே.

போன வாரம் மறுபடி நாரகூர்ட் குகைக்கு வேலையாகப் போனேன். உள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதைவிட்டு இறங்கக்கூடாது. எத்தனையோ ஆயிரம் வருஷமாக விழுந்து செத்த மிருகங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெரும்பகுதியைத் தோண்டாமலே வைத்திருக்கிறார்கள், நம்மைவிட நல்ல கருவிகளோடு பின்னால் வருகிறவர்களுக்காக. அங்கே நின்றபோது நீ போட்டு மூடிய சாக்கு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

அதனால் ஒன்று கேட்கிறேன். நாம் இப்படி மூடி மூடி வைத்தது போதாதா? இந்தக் குகை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் இத்தனை பேர் இதைக் காவல் காக்கிறார்கள். நம் பள்ளத்தைப் பற்றி நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் உலகமே திரும்பிப் பார்க்கும். அப்புறம் அதில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? யோசித்துப் பார்.

என் வேலை ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நிரந்தரமாக்குவார்களா என்று தெரியவில்லை. நாற்பதை நெருங்கும்போதும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டே வாழ்வது அலுப்பாக இருக்கிறது, மதி.

சும்மா ஒரு சந்தேகம். நோட்டில் பள்ளத்தை எல்லைக் கல்லிலேயே இருப்பதாக வரைந்து வைத்தோம் இல்லையா, யார் திருடினாலும் ஏமாறட்டும் என்று. உண்மையில் கல்லிலிருந்து மதகைப் பார்த்து நாற்பது காலடி. அது உன் காலடிக் கணக்கா, என் காலடிக் கணக்கா? பழைய நகலைப் புரட்டும்போது தோன்றியது. வயதாகிறது, மறந்துபோகிறது.

அம்மாவுக்கு என் முத்தம். இளங்கோவுக்கு அன்பு.

உன்
ஹில்டா

---

முத்தாபுதுப்பேட்டை
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

என் அருமை ஹில்டாவுக்கு,

நீர்யானை என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ஆவடியில் நீர்யானை. வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்ல நாக்கு துடிக்கிறது. என் முகப்பேர் பள்ளிப் பிள்ளைகள் நீர்யானையைக் கார்ட்டூனில்தான் பார்த்திருக்கின்றன. இன்னும் இரண்டு மாதம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கட்டுரை விஷயம். வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்கிறேன். உன் குகைக்குக் கதவு இருக்கிறது, காவல் இருக்கிறது. நமக்கு இருப்பது சீமைக்கருவேல முள்ளும் ஒரு கிழிந்த சாக்கும். முதலில் வேலி, அப்புறம் விளம்பரம். பரந்தாமன் கையெழுத்துப் போட்ட மறுநாளே நீ எழுதத் தொடங்கு, நான் நோட்டை எடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்காருகிறேன். இரண்டு பேர் பெயரும் போட்டு வரட்டும். ஏப்ரல் 23க்கு முன் ஒரு எழுத்துகூட வெளியே போகக்கூடாது. எனக்காக இதைக் கேள்.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. உன்னை விட்டுவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். ஒன்றும் சரிப்படாவிட்டால் இங்கே வந்துவிடு, வாசல் அறை காலியாகத்தான் இருக்கிறது.

பரந்தாமன் மகள் தேவிப்பிரியாவின் கல்யாணம் பூந்தமல்லியில் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை பெயர் தமிழரசு, மனை வாங்கி விற்கிற வேலை. பந்தியில் பரந்தாமன் எல்லாரிடமும் என்னைக் காட்டி "இவங்கதான் நம்ம எலும்பு டீச்சர்" என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு ஒரே பெருமை.

காலடி என்னுடையதுதான், மறந்துவிட்டாயா? நீ ஒட்டகச்சிவிங்கி, ஒரு எட்டு வைத்தால் மூன்று அடி போவாய். என்னுடையது இரண்டேகால் அடி. என் காலில்தான் நாற்பது எண்ணினோம். உன் காலில் எண்ணினால் பள்ளத்தைத் தாண்டி ஏரியில் இறங்கிவிடுவாய் என்று அன்றைக்கே சிரித்தோமே. பழசை நீ நினைத்துப் பார்ப்பதே எனக்குச் சந்தோஷம்.

உன்
மதி

---

முத்தாபுதுப்பேட்டை
21 ஏப்ரல் 2025

ஹில்டா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஒரு காரில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். எல்லைக் கல்லடியில் தோண்டிக்கூடப் பார்க்கவில்லையாம். கையில் போனை வைத்துக்கொண்டு நேராக முள்ளுக்குள் நுழைந்து, சரியாகப் பள்ளத்தில் இறங்கி, சாக்கை உருவி எறிந்திருக்கிறார்கள். பரந்தாமன் பார்த்துக் கத்துவதற்குள் தாடையின் முன்பாதியைக் கடப்பாறையால் நெம்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பின்பாதி விரிசல் விட்டுக் கிடக்கிறது. நான் போய்ப் பார்த்தபோது பற்கள் இருந்த இடம் வெள்ளையாகப் புதுசாகத் தெரிந்தது.

பரந்தாமன் என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "இன்னாமா டீச்சர், யாரும் வர மாட்டாங்கன்னு நீதானே சொன்ன? காருல வந்துகினு என் நெலத்துல எறங்கறான், என்னியே யாருன்னு கேக்கறான். பத்து சென்ட்டு குடுக்கறதுக்கு முன்னாடியே இப்பிடின்னா, குடுத்தப்புறம் நாலு ஏக்கராவும் என்கிட்ட நிக்குமா?" நாளை மறுநாள் கையெழுத்துப் போட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியட்டும், அப்புறம் பேசுவோம் என்கிறார். கதவு இன்னும் முழுசாகச் சாத்தப்படவில்லை. யார் என்று கண்டுபிடித்துச் சொன்னால் இறங்கி வருவார்.

நாற்பது காலடி தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். ஒரு தப்பை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். கல்யாணமான புதிதில் நம் சட்டத்தை மீறி இளங்கோவிடம் சொல்லிவிட்டேன். புருஷனிடம் என்ன ஒளிப்பது என்று நினைத்தேன். இப்போது யோசிக்க யோசிக்க வேறு யாரும் தட்டுப்படவில்லை. எஸ்டேட்டில் டீக்கடையில் யாரிடமாவது வாய்விட்டிருப்பாரோ என்று கேட்டேன். நல்லவிதமாகக் கேட்கவில்லை, ஹில்டா. கத்தினேன். அவர் "ஒரு பள்ளத்து மேல வெச்ச நம்பிக்கைகூட என் மேல இல்லியா மதி" என்றார். அதற்கும் ஏதோ சுருக்கென்று சொல்லிவிட்டேன். பையில் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு நூம்பலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இன்றோடு பன்னிரண்டு நாள்.

அவர் இல்லை என்று மனது ஒரு நேரம் சொல்கிறது. அப்படியானால் யார் என்று உடனே கேட்கிறது. நீ சொல், நான் என்ன செய்ய? இந்த விஷயத்தில் எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

மதி

---

அடிலெய்டு
7 மே 2025

அன்பு மதிக்கு,

படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தாடைக்கு இப்படி ஒரு கதி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உன்னைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருக்கிறது.

யார் என்று தேடி நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்தக் காலத்தில் எது எப்படி வெளியே போகிறது என்று யாரால் சொல்லமுடியும்? செயற்கைக்கோள் படத்திலேயே எல்லாம் தெரிகிறது. இளங்கோ வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். ஆனால் ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சுவாக்கில் எதையும் சொல்லிவிடுவார்கள், அது தப்பென்றே அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சநாள் தள்ளி இருப்பது இரண்டு பேருக்கும் நல்லதுதான். கோபம் ஆறினால் அவரே உண்மையைச் சொல்வார்.

பரந்தாமனிடம் பொறுமையாகப் பேசு. உலகம் முழுக்க இதன் மதிப்பு தெரியும் நாள் வரும், அப்போது அவரே பெருமைப்படுவார்.

இந்த நேரத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். போன வாரம்தான் கடிதம் வந்தது. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினேன்.

அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்
ஹில்டா

---

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி
15 ஜூன் 2025

ஹில்டாவுக்கு,

உன் கடிதம் மே 23ஆம் தேதி வந்தது. பள்ளம் 19ஆம் தேதியே போய்விட்டது.

பரந்தாமன் நிலத்துக்கு ஜேசிபி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். பாதி முடிந்திருந்தது. சவுடு மண்ணை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எங்கேயோ மனை மேடாக்கக் கொண்டுபோனார்களாம். பரந்தாமன் என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து நாலாக மடித்த தாள்களை எடுத்து என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை தமிழரசு இணையத்தில் பார்த்து அச்செடுத்துக் கொடுத்ததாம். "உலக அளவில் முக்கியமான இடம்னு போட்டுக்கீது. அப்ப நாலு ஏக்கராவையும் கவர்மெண்டு உடுமா? நீயே எழுதிக் குடுத்துட்டு எங்கிட்ட பத்து சென்ட்டு கத சொல்லிகினு இருந்தியா?" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் நான்தான் எழுதினேன் என்று முடிவுகட்டிவிட்டார். பதினோரு வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பேசிய மனிதர் அன்றைக்கு என் காலைப் பார்த்துப் பேசினார்.

அங்கேயே நின்று படித்தேன். நல்ல கட்டுரை. நீ எப்போதும் நன்றாகத்தான் எழுதுவாய். மேலே உன் பெயர், அடுத்து உன் பேராசிரியர் பெயர். வரைபடம் நான் நோட்டில் வரைந்தது, மதகின் பக்கத்தில் நான் போட்ட புளியமரம்கூட அப்படியே இருக்கிறது. எல்லைக் கல்லிலிருந்து இருபத்தேழு மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். இரண்டேகால் அடியை நாற்பதால் பெருக்கி மீட்டராக்கிப் பார்த்தேன். இருபத்தேழுதான் வருகிறது.

கடைசிப் பக்கத்தில் தேதிகள் இருந்தன. கட்டுரை இதழுக்கு வந்த நாள், டிசம்பர் 2. திருத்தி அனுப்பிய நாள், மார்ச் 8. வெளியான நாள், ஏப்ரல் 2. என்னிடம் "யோசித்துப் பார்" என்று நீ கேட்டபோது கட்டுரை போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. "எனக்காக இதைக் கேள்" என்று நான் கெஞ்சிய கடிதம் உன் கைக்கு வந்தது மார்ச் முதல் வாரமாக இருக்கும். அதிலிருந்து உனக்குத் தேவைப்பட்டது என் காலடி மட்டும். அதை எடுத்துக்கொண்டாய். மிச்சத்தைப் படித்தாயா?

நன்றி சொல்லும் இடத்தில் "களத்தில் உதவிய உள்ளூர் ஆசிரியை ஒருவருக்கு" என்று இருந்தது. பெயர்கூட இல்லை. பெயர் போட்டால் நான் தேடிப் பிடித்துவிடுவேன் என்று பயந்தாயா, இல்லை அதற்கு இவ்வளவு போதும் என்று நினைத்தாயா? எது என்று எழுதவேண்டாம்.

இதைக்கூட நான் மன்னித்திருப்பேன், ஹில்டா. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டே வாழ்வது எனக்குத் தெரியாத கஷ்டம், அந்தக் கஷ்டம் உன்னை இப்படிச் செய்ய வைத்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். ஆனால் என் ஏப்ரல் கடிதத்தைப் படித்துவிட்டு, யார் செய்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீ, இளங்கோவைக் கை காட்டினாய். கோபம் ஆறினால் அவரே உண்மையைச் சொல்வார் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தை எழுதும்போது உன் கை கொஞ்சமும் நடுங்கவில்லையா? எழுத்து நேராகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு நீ ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை சட்டத்தை மீறி, "நான்தான் மதி" என்று சொல்லியிருக்கலாம். யார் என்று தெரிந்தால் பேசுவோம் என்றுதானே பரந்தாமன் சொல்லியிருந்தார். நான் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்திருப்பேன். ஜேசிபி வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அலமாரியில் துணி அடுக்குகிற நேரத்தில் பாதி போதும்.

நூம்பலுக்குப் போனேன். கட்டுரையை இளங்கோவிடம் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "நாப்பது காலடின்னு நீ சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல மதி. எனக்கு எதுக்கு அது" என்றார். எட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டதை அன்றைக்கே மறந்துபோன மனிதரைத்தான் நான் வீட்டைவிட்டு அனுப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்" என்று மட்டும் சொன்னார். எப்போது வருவார் என்று தெரியவில்லை. இதில் என் தப்புக்கு நீ பொறுப்பில்லை. அதை நான்தான் சுமக்கவேண்டும்.

மண் கொட்டிக் கிடந்த இடத்தில் மூன்று நாள் தேடினேன். குதிரைப்பல் ஒன்றும் தாடையின் சில்லு ஒன்றும் கிடைத்தன. எந்த அடுக்கிலிருந்து வந்தவை என்று இனி யாராலும் சொல்லமுடியாது. நம் இரண்டு பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும், மற்றவர்களுக்கு வெறும் பல். மிச்ச நீர்யானை யாருடைய வீட்டுக்கு அடியிலோ போய்விட்டது. நாலைந்து மாதத்தில் அதன்மேல் கிரகப்பிரவேசம் நடக்கும்.

இப்போது மிஞ்சியிருப்பது நோட்டு ஒன்றுதான். அடுக்குகள், அளவுகள், பதினாறு வருஷக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பள்ளமே இல்லாதபோது உன் கட்டுரையை நிரூபிக்க அதைக் கேட்டு நீ எழுதுவாய் என்று தெரியும். எழுதவேண்டியதில்லை. போன வாரம் எழும்பூர் போய் அருங்காட்சியகத்தில் பல்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், நீயும் பார்க்கலாம். கண்டெடுத்தவர் பெயர் என்று படிவத்தில் ஒரு இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினாறு வருஷத்துக்கு முன் அந்த மழைநாளில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு, அதை இழுக்கும்போது முதல் பல்லை எடுத்தவள் நீதான். ஹில்டா, மதிவதனி என்று இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். நடந்தது அதுதானே.

உன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மாதாமாதம் போய்ப் பார்ப்பதை நிறுத்தமாட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது.

இந்தப் பதினாறு வருஷமும் நாம் பள்ளத்தைப் பற்றிப் போனில் பேசாமல் கடிதம் எழுதியது அதை மறைத்து வைக்கத்தான். இனி மறைக்க ஒன்றுமில்லை. நீ அதைப் பற்றி யாரிடமும் பேசலாம், எதிலும் பேசலாம். எனக்கு மட்டும் எழுதாதே.

இரா. மதிவதனி